நிறம் போனால் போதுமா? ஒளியால் நீரைச் சுத்திகரிக்கும் வேதியியல்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

மெத்திலீன் நீலம் கலந்த தண்ணீரில் டைட்டானியம் டையாக்சைடு பொடியைப் போட்டுப் புற ஊதா விளக்கின் கீழ் கலக்கினால் சிறிது நேரத்தில் நீலம் மறைந்துவிடும். கல்லூரி ஆய்வகங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். நிறம் போனது உண்மை. மாசும் போயிற்றா என்பதுதான் கேள்வி.

இந்தத் துறைக்கு அடித்தளம் ஜப்பானில் விழுந்தது. டைட்டானியம் டையாக்சைடு மின்முனையில் ஒளி பட்டால் தண்ணீர் பிளவுபடும் என்று புஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972-ல் வெளியிட்டார்கள். அனடேஸ் என்ற படிக வகை டைட்டானியம் டையாக்சைடு பொடிக்கு 387 நானோமீட்டருக்கும் குறைந்த அலைநீளம் வேண்டும். சூரிய ஒளியில் அந்தப் பகுதி நான்கைந்து சதவீதம்தான். ஒளி பட்டதும் எலக்ட்ரான் மேலே எழும்பும், அது இருந்த இடத்தில் ஒரு துளை விழும். அந்தத் துளை தண்ணீரிலிருந்து ஹைட்ராக்சில் ரேடிக்கலை, அதாவது மாசைத் தாக்கி உடைக்கும் வீரியமிக்க OH துண்டை உண்டாக்கும். எலக்ட்ரானை ஆக்சிஜன் வாங்கிக்கொள்ளாவிட்டால் அது துளையோடு திரும்பச் சேர்ந்து வெறும் வெப்பமாகிவிடும். சோதனை முழுக்கக் காற்றுக் குமிழி விடுவது இதனால்தான்.

சோதனையை ஒழுங்காகச் செய்வது எப்படி? லிட்டருக்கு அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை பொடி போதும். அதற்கு மேல் போட்டால் கரைசலே பால் போலாகி ஒளியை மறைக்கும். விளக்கைப் போடுமுன் 30 நிமிடம் இருட்டில் கலக்குங்கள். பொடியில் ஒட்டிக்கொண்ட சாயத்தைச் சிதைந்துபோன சாயம் என்று கணக்கிடும் தவறு இங்கேதான் நுழைகிறது. ஒளியின்றிப் பொடி மட்டும், பொடியின்றி ஒளி மட்டும் என்று இரண்டு ஒப்பீட்டுச் சோதனைகளும் கட்டாயம். மாதிரியை 0.2 மைக்ரான் வடிகட்டியில் வடித்த பிறகே நிறமானியில் வையுங்கள்.

அசோ சாயத்தில் முதலில் அறுபடுவது இரு நைட்ரஜன்களுக்கு இடையிலான பிணைப்பு. அதோடு நிறம் போய்விடும், பென்சீன் வளையத் துண்டுகள் தண்ணீரிலேயே கிடக்கும். ஆகவே மொத்தக் கரிமக் கார்பனை, அதாவது டி.ஓ.சி.யை அளக்காமல் முடிவு சொல்லக் கூடாது. டைக்ரோமேட்டால் அளக்கும் சி.ஓ.டி.யை, அதாவது வேதி ஆக்சிஜன் தேவையைப் பார்ப்பவர்களுக்கு இன்னொரு கண்ணி உண்டு. வினைக்கு உதவியாகச் சேர்த்திருந்தால், மிஞ்சிய ஹைட்ரஜன் பெராக்சைடும் டைக்ரோமேட்டோடு வினைபுரிந்து அளவைக் கூட்டிக் காட்டும். கேட்டலேஸ் நொதியால் அதை அழித்துவிட்டு அளக்க வேண்டும்.

இனி, திருப்பூர்ச் சாயக்கழிவை எடுத்துக்கொள்வோம். பருத்தி இழையோடு பிணையும் ரியாக்டிவ் சாயங்கள் எதிர்மின் சுமை உடையவை. பொடியின் மேற்பரப்பு சுமார் pH 6-க்குக் கீழேதான் நேர்மின் சுமை பெற்று அவற்றை இழுக்கும். ஆனால் சாயமேற்ற லிட்டருக்குப் பல பத்துக் கிராம் உப்பு போடுகிறார்கள். அமில நிலையில் குளோரைடும் அதே மேற்பரப்பில் வந்து உட்காரும், ரேடிக்கலையும் விழுங்கும். போதாததற்கு, வினை முடிந்தபின் இருபது நானோமீட்டர் அளவுத் துகள்கள் தானாகப் படியவே படியாது. கண்ணாடியில் பூசி நிறுத்தினால் வடிகட்டும் வேலை மிச்சம், வினை வேகம் படுத்துவிடும். ஒரு கன மீட்டரில் மாசைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்க, விளக்கும் பொடியும் வைத்த முறைகள் பலவற்றில் 100 கிலோவாட் மணிக்கு மேல் மின்சாரம் செலவாகிறது. இந்த விலைக்குப் பட்டறை நடத்த முடியாது. முதலில் உயிரியல் சுத்திகரிப்பு, பிறகு ஆர்.ஓ. சவ்வு வடிகட்டல் என்ற வரிசையை விட்டுவிட்டு, சுத்திகரிக்காத கழிவின் மேல் விளக்கைப் பிடிப்பது வீண்.

ஒளி வெற்றி பெற்ற இடம் கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டி. 2008 முதல் அங்கே கழிவுநீரை நுண்வடிகட்டி, ஆர்.ஓ. இரண்டிலும் செலுத்திவிட்டு, கடைசியில் ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்துப் புற ஊதா ஒளியில் விட்டு நிலத்தடியில் சேர்க்கிறார்கள். ஆர்.ஓ. சவ்வையும் தாண்டும் என்.டி.எம்.ஏ. என்ற நச்சு மாசை ஒளியே நேரடியாக உடைக்கும். 1,4-டையாக்சேன் என்ற கரைப்பான் மாசுக்கு ரேடிக்கல் வேண்டும்; பெராக்சைடை ஒளி பிளக்கும்போது அது கிடைக்கும். பொடி கிடையாது, பிரித்தெடுக்கும் தலைவலியும் கிடையாது.

ஏன் ஆர்.ஓ.வுக்குப் பிறகு? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டரில் 60 சதவீத ஒளியை விடும் தண்ணீரில் ஐந்து சென்டிமீட்டர் தாண்டினால் மிஞ்சுவது 8 சதவீதம். 95 சதவீதம் விடும் தண்ணீரில் 77 சதவீதம் மிஞ்சும். இன்னொன்று காரத்தன்மை, பெரும்பாலும் தண்ணீரில் கரைந்த பைகார்பனேட். நம் கிணறுகளில் சாதாரணமான, லிட்டருக்கு 300 மி.கி. காரத்தன்மையுள்ள தண்ணீரில், லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் டையாக்சேன் இருந்தால், அதைத் தாக்கும் ஒவ்வொரு ரேடிக்கலுக்கும் ஏறத்தாழ பதினாறு ரேடிக்கல்கள் பைகார்பனேட்டுக்குப் பறிபோகும்.

பெராக்சைடைக் கூட்டினால் சரியாகிவிடாதா என்று கேட்பார்கள். லிட்டருக்கு 10 மி.கி. என்றால், கன மீட்டருக்கு 30 சதவீதக் கரைசல் சுமார் 30 மி.லி. அளவு மீறினால் பெராக்சைடே ரேடிக்கலைத் தின்னும். போட்டதில் பெரும்பகுதி எப்படியும் மிஞ்சும் என்பதால் அதை நீக்கவும் வழி வைக்க வேண்டும்.

பிஃபாஸ் (PFAS) எனப்படும், எளிதில் சிதையாத ஃபுளோரின் சேர்மங்களுக்கு இந்த முறை எதுவும் உதவாது. கார்பன்-ஃபுளோரின் பிணைப்பை ஹைட்ராக்சில் ரேடிக்கல் அறுக்காது. அதற்கு இந்த வகை ஆக்சிஜனேற்றம் அல்ல, எலக்ட்ரானைக் கொடுக்கும் ஒடுக்கம் உதவும். சல்ஃபைட் கரைசலில் 254 நானோமீட்டர் ஒளி பட்டால் பிறக்கும் நீரேறிய எலக்ட்ரான், அதாவது நீர் மூலக்கூறுகள் சூழ்ந்த தனி எலக்ட்ரான்தான் அந்த வேலையைச் செய்கிறது. அங்கே ஆக்சிஜன் எதிரி. நைட்ரேட்டும் எதிரி. pH உயர்ந்திருக்க வேண்டும். முன்பு குமிழி விட்ட காற்றை இங்கே வெளியேற்ற வேண்டும். ஒரே கருவி இரண்டையும் செய்யும் என்று விற்க வருபவரிடம் இதைக் கேளுங்கள்.

விளக்கு வாங்குமுன் உங்கள் தண்ணீரின் 254 நானோமீட்டர் ஒளி ஊடுருவல், காரத்தன்மை, நைட்ரேட், டி.ஓ.சி., இரும்பு ஆகிய ஐந்தையும் அளந்துவிடுங்கள். விளக்கின் உறை குவார்ட்ஸாக இருக்கட்டும், சாதாரணக் கண்ணாடி 254-ஐ விடாது. இரும்பும் கடினத்தன்மையும் உள்ள தண்ணீரில் அந்த உறைமேல் பழுப்புப் படலம் படியும். விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், ஒளி தண்ணீருக்குப் போகாது. சிட்ரிக் அமிலத்தால் துடைக்கும் நாளை ஒளி உணரியின் அளவைப் பார்த்து முடிவு செய்யுங்கள், நாட்காட்டியைப் பார்த்து அல்ல.