எடின்பரோவில் அசரியா கேட்டது

மதிப்பிற்குரிய பேராயர் அவர்களே, குருமார்களே, அன்பான சபையாரே,

வெளிநாட்டுச் சபைகளோடு நமக்குள்ள பங்காளித்துவத்தைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். இந்தச் சொல் நம் கமிட்டிகளில் புழங்கத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே, 1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில், திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்து, பின்னாளில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியா அதன் பொருளைச் சொல்லிவிட்டார். ஏழைகளுக்காக உங்கள் ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரங்களைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார் அவர். கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தில் அன்பைப் பற்றிப் பேசும் பதின்மூன்றாம் அதிகாரத்தை, அதை நமக்குக் கொண்டுவந்து கற்பித்தவர்களுக்கே அவர் வாசித்துக் காட்டியது அங்கிருந்த சிலருக்குக் கசக்கத்தான் செய்தது.

அந்தப் பேச்சை மேற்கோள் காட்டும் நாம் ஒன்றை மறந்துவிடுகிறோம். அசரியா அங்கே வெறுங்கையோடு போய் நிற்கவில்லை. ஏழு ஆண்டுகளுக்கு முன்பே, 1903இல், அவரும் தோழர்களும் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கி, இங்குள்ளவர்களின் காணிக்கையைக் கொண்டே தெலுங்கு பேசும் தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியர்களை அனுப்பியிருந்தார்கள். என் பாட்டி, உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக்கலயத்தில் போட்டுவைத்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோவார். வீட்டுக்கே அரிசி போதாத மாதத்திலும் அந்தக் கலயத்தில் கைவைக்க யாருக்கும் அனுமதியில்லை. இப்படிக் கொடுத்துப் பழகிய சபையிலிருந்து போனதால்தான் அவரால் தலைநிமிர்ந்து நட்பைக் கேட்க முடிந்தது என்று நான் நினைக்கிறேன்.

அசரியாவின் அந்த வேண்டுகோளுக்கு அமைப்பு முறையில் விடை தேடிய முயற்சிகளில் ஒன்று 1977இல் நடந்தது. 1795இல் தொடங்கிய இலண்டன் மிஷனரி சங்கத்தின் வழிவந்த உலக மிஷன் மன்றம், முன்பு பெற்றுக்கொள்ளும் இடத்தில் இருந்த சபைகளையும், அவற்றுள் நம் தென்னிந்தியத் திருச்சபையையும், தீர்மானம் எடுக்கும் மேசையில் சமமாக அமர்த்தியது. பணத்தையும் ஆட்களையும் பொதுவில் வைத்து, யாருக்கு எது தேவை என்பதைக் கூடிப் பேசி முடிவுசெய்யும் முறை அது. ஆனால் மேசை மாறிய அளவுக்கு நம் பழக்கம் மாறவில்லை. இன்றும் நாம் அவர்களுக்குக் கணக்கு அனுப்புகிறோம். அவர்கள் கணக்கைக் கேட்க நமக்கு வாய் வருவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவிலிருந்து ஒரு கூட்டாளிச் சபையார், ஒரே குருவானவரின் கீழுள்ள சபைகள் சேர்ந்த எங்கள் சேகரத்துக்கு வந்திருந்தார்கள். மாலையும் சால்வையும் போட்டு அவர்களைச் சோபாவில் உட்காரவைத்துவிட்டு, நாங்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் அமர்ந்தோம். கூரை, சுற்றுச்சுவர், ஜெனரேட்டர் என்று ஒரு பட்டியலையும் தட்டச்சு செய்து கையில் கொடுத்தோம். அதைத் தயாரித்தவர்களில் நானும் ஒருவன். அப்போது பெண்கள் ஐக்கியச் சங்கத்து மூதாட்டி ஒருவர் எழுந்து, “உங்க ஊர்க் கோயிலுக்கு ஞாயித்துக்கிழமை எத்தன பேரு வருவாங்கம்மா?” என்று கேட்டார். மொழிபெயர்த்தவர் தயங்கித் தயங்கித்தான் கேட்டார். வந்திருந்த அம்மையார் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இருபது பேர், பெரும்பாலும் என்னைப்போல் வயதானவர்கள், அடுத்த ஆண்டு கோயிலை விற்க வேண்டியிருக்கலாம் என்றார். பட்டியலைக் கையில் வைத்திருந்த எங்களில் ஒருவருக்கும் அடுத்து என்ன பேசுவதென்று தெரியவில்லை. மூதாட்டிதான் முன்னால் போய், அந்த அம்மையாரின் கைகளைப் பிடித்துக்கொண்டு ஜெபிக்கத் தொடங்கினார். அதை மொழிபெயர்க்கும்படி யாரும் கேட்கவில்லை.