ஒரே மக்ரூன் பாக்கெட், ரெண்டு அளவு

[திரையில்: கால் கிலோ மக்ரூன் பாக்கெட், ஸ்டீல் டேப், மூலைமட்டம்]

தூத்துக்குடி மக்ரூன், கால் கிலோ. திருநெல்வேலியில இருந்து சென்னைக்குப் போகணும்னா கூரியர்ல அளவு கேப்பாங்க. பாளையங்கோட்டை சூப்பர் மார்க்கெட்ல ரேக்ல எந்தச் சரக்குக்கு எவ்வளவு இடம்னு கம்ப்யூட்டர்ல திட்டம் போடுறவரும் அளவு கேப்பாரு. ஆனா ரெண்டு பேரும் கேக்குறது வேற வேற.

முதல்ல அளக்குற விதம். காலி கவரை அளக்காதீங்க. சரக்கு நிரம்பி அடி விரிஞ்சதும் கவரோட அகலம் சுருங்கிரும், தடிமன் கூடிரும். சீல் போட்ட பாக்கெட்டைச் சுவரை ஒட்டி நிறுத்துங்க. முன்னால மூலைமட்டத்தை, பாக்கெட் நசுங்காம, தொட்டும் தொடாம வைங்க. சுவருக்கும் மட்டத்துக்கும் உள்ள தூரம்தான் ஆழம். வளைஞ்ச பக்கத்துல டேப்பை நேரா வச்சா, புடைப்பு கணக்குல வராது.

[திரையில்: உயரம் 20, அகலம் 14, ஆழம் 9 செ.மீ.]

ரேக்குக்கு வாடிக்கையாளர் பாக்குற முகத்தை வச்சுத்தான் அளவு. இடம் வலம் அகலம், கீழ இருந்து மேல உயரம், முன்னால இருந்து பின்னால ஆழம். 90 செ.மீ. தட்டுல 14 அகலத்துக்கு 6 பாக்கெட் வரிசையா நிக்கும். அகலம் 20, உயரம் 14னு மாத்தி எழுதிக் கொடுத்தா, திட்டத்துல 4தான் வரும். தட்டு இடைவெளியையும் 17 செ.மீ.ன்னு போட்டுருவாங்க, 20 செ.மீ. பாக்கெட் உள்ளயே போகாது. மேல கை விட்டு எடுக்க ரெண்டு மூணு செ.மீ. விடணும். தொங்கவிடுற பாக்கெட்னா ஓட்டை இருக்கிற மேல் பட்டையும் உயரத்துல சேர்ந்தது.

கூரியருக்கு முகம் எதுன்னு கவலையில்ல, அட்டைப்பெட்டியோட வெளியளவுதான் வேணும். பெட்டி செய்றவர் சொல்றது உள்ளளவா வெளியளவான்னு கேட்டுக்கோங்க. 5 பிளை, அதாவது அஞ்சு அடுக்கு அட்டைன்னா ஒரு சுவரே சுமார் அரை செ.மீ. மேலயும் கீழயும் மடிப்பு ரெட்டையா விழும்.

[திரையில்: 42 × 30 × 30 ÷ 5000 = 7.56]

12 பாக்கெட் போட்ட பெட்டி. நிறுத்தா நாலு கிலோகூட வராது. ஆனா பல கூரியர்ல பெட்டி அடைக்கிற இடத்துக்கும் ஒரு எடை போடுவாங்க, அதுதான் பருமன் எடை: செ.மீ. அளவு மூணையும் பெருக்கி 5000ஆல வகுத்தா 7.56 கிலோ. ரெண்டு எடையில எது கூடவோ அதுக்குத்தான் பில்லு. அரை கிலோ படியில 8க்குக் காசு. டேப் ஒட்டினப்புறம் மூடி 2 செ.மீ. புடைச்சா 8.06, பில்லு 8.5க்கு. அதனால ஒட்டி முடிச்ச பெட்டியோட புடைச்ச இடத்தை அளங்க. 5000க்குப் பதிலா தரைவழி பார்சலுக்கு வேற எண் வைக்கிறவங்களும் உண்டு, ரேட் கார்டைப் பாத்துக்கோங்க.

அல்வாக்காரங்களுக்கு இந்தத் தொல்லை இல்ல. 18 × 12 × 5 அரை கிலோ பெட்டிக்குப் பருமன் எடை 216 கிராம்தான். நிறுத்த எடைக்கே பில்லு.

[திரையில்: எக்செல் ஷீட்]

ஷீட்ல பாக்கெட்டுக்கு ஒரு வரி, பெட்டிக்கு ஒரு வரி. ரேக் ஆளுங்க மி.மீ.ல கேட்டா 140ன்னே போடுங்க. 14ன்னு போனா அவங்க திட்டம் போடுற திரையில பாக்கெட் தீப்பெட்டி மாதிரி நிக்கும்.