பேரே இல்லாத எக்ஸ்டி கார்டு: மேனுவல் இல்லாம கண்டுபிடிச்சு ஓட்டுறது எப்படி

வணக்கம் மக்களே. மேசை மேல இருக்கிற இந்தக் கார்டைப் பாருங்க. முழு நீளக் கார்டு, அடியில ஒரே ஒரு விளிம்பு, ஒரு பக்கத்துக்கு 31 வீதம் 62 பின். அப்போ இது 8 பிட் ஐஎஸ்ஏ, அதாவது பழைய பிசிகளோட கார்டு ஸ்லாட் வகை. ஐபிஎம் பிசி, எக்ஸ்டி, இல்ல அந்தக் காலத்துத் தைவான் நகல் மெஷின்களுக்கானது. கம்பெனி பேர் இல்ல, மாடல் எண் இல்ல. எஃப்சிசி ஐடி (அமெரிக்க அரசு அனுமதி எண்) இருந்திருந்தா முதல் மூணு எழுத்தை வச்சே தயாரிப்பாளரைப் பிடிச்சிருக்கலாம். அதுவும் இல்ல.

பரவாயில்ல. பேர் தெரிஞ்சா மேனுவல் கிடைக்கலாம், அவ்வளவுதான் லாபம். கார்டு ஓடுறதுக்கு நமக்கு வேண்டியது எந்த ஐஓ முகவரி (ப்ராசசர் கார்டோட பேசுற எண்), எந்த இன்டரப்ட் (கார்டு ப்ராசசரைக் கூப்பிடுற லைன்), மெமரி எங்க ஆரம்பிக்குது, இதுதான். மூணும் இந்த போர்டுலயே இருக்கு.

முதல்ல கண்ணால பார்ப்போம். 16 பின் சாக்கெட், வரிசைக்கு ஒன்பது, மொத்தம் ஆறு வரிசை. உள்ள இருக்கிறது 4164. ஒரு சிப் 64கே பிட். எட்டு சிப் டேட்டாவுக்கு, ஒன்பதாவது பேரிட்டிக்கு, அதாவது பிழை கண்டுபிடிக்க. ஆறு வரிசையும் நிரம்பினா 384கே. இதுல நாலு வரிசைதான் நிரம்பியிருக்கு, அதாவது 256கே. வலது ஓரத்துல 40 பின்ல ஐஎன்எஸ்8250, பக்கத்துல 1.8432 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். இந்த ஜோடியைப் பார்த்தாலே சீரியல் போர்ட்னு முடிவு பண்ணிடலாம். 1488 அதோட லைன் டிரைவர், 1489 லைன் ரிசீவர். மேல 24 பின்ல எம்எம்58167, 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல், பேட்டரி: கடிகாரம். பிராக்கெட்ல 25 பின் ஆண் கனெக்டர் சீரியல், ரிப்பன்ல தொங்குற 25 பின் பெண் கனெக்டர் பேரலல். ஆக இது ஏஎஸ்டி சிக்ஸ்பேக்பிளஸ் பாணியில செஞ்ச மல்டிஃபங்ஷன் கார்டு.

வயசு பார்க்கணுமா? சிப்ல 8547ன்னு இருக்கு: 1985, 47வது வாரம். ஆனா 7438ன்னு பார்த்துட்டு 1974ன்னு கிளம்பிடாதீங்க, அது சிப்போட பேரு. கார்டுல இருக்கிறதுலயே கடைசித் தேதி எதுவோ, அதுக்குப் பின்னாடிதான் கார்டு செஞ்சிருப்பாங்க.

இப்போ முக்கியமான இடம். இதை இன்னும் ஸ்லாட்ல செருகக் கூடாது. கிட்ட காட்டுறேன், இந்த மஞ்சள் துளி மாதிரி இருக்கிறது டேன்டலம் கப்பாசிட்டர், 10 மைக்ரோஃபேரட், 16 வோல்ட். 12 வோல்ட் லைன்ல 16 வோல்ட் டேன்டலம் போடுறதே கஞ்சத்தனம். இத்தனை வருஷம் சும்மா கிடந்தது ஷார்ட் ஆகும். செருகி ஆன் பண்ணா பவர் சப்ளை ஃபேன் ஒரு துடி துடிச்சுட்டு நின்னுடும், இல்ல கப்பாசிட்டர் தீப்பிடிக்கும். சப்ளை போச்சுன்னு நினைச்சு அதைப் பிரிச்சுப் போடுறவங்கதான் அதிகம்.

மல்டிமீட்டரை ஓம்ல வைங்க. கறுப்பு முனை பி1ல, அது கிரவுண்டு. பாகங்கள் இருக்கிற பக்கம் ஏ, பின்பக்கம் பி, எண்ணிக்கை பிராக்கெட் பக்கத்துல இருந்து ஆரம்பிக்கும். பி3 பிளஸ் 5, பி5 மைனஸ் 5, பி7 மைனஸ் 12, பி9 பிளஸ் 12. ஒவ்வொண்ணா தொடுங்க. இங்க பி9ல 1.4 ஓம் காட்டுது. ஷார்ட். 12 வோல்ட் லைன்ல ரெண்டு டேன்டலம்தான் இருக்கு, ஒரு காலைத் தூக்கிப் பார்த்தா எதுன்னு தெரிஞ்சிடும். 5 வோல்ட் லைன்ல ஷார்ட்னா கப்பாசிட்டர் ஏராளம், ஒவ்வொண்ணா கழட்ட முடியாது. பெஞ்ச் சப்ளையை 1 வோல்ட், 1 ஆம்பியர் வரம்புல வச்சுக் கொடுங்க, எது சூடாகுதோ அதுதான் ஆளு. 1 வோல்ட்ல மத்த சிப்புகளுக்கு ஒண்ணும் ஆகாது.

மாத்தும்போது 10 மைக்ரோஃபேரட், 25 வோல்ட் போடுங்க, 35 இருந்தா இன்னும் நல்லது. டேன்டலத்துல கோடு போட்ட கால் பிளஸ். சாதாரண எலக்ட்ரோலிட்டிக்ல கோடு மைனஸ். மாத்திப் போட்டா வெடிக்கும், நிஜமாவே.

பேட்டரி 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம், கசிஞ்சிருக்கு. இந்தப் பச்சைப் பூப்பு காரம், அதனால வினிகரைத் தொட்டுத் தேய்ச்சு, தண்ணில கழுவி, கடைசியில ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். அந்த இடத்துல சிஆர்2032 போடலாம். ஆனா பழைய சர்க்யூட் அதை சார்ஜ் பண்ணப் பார்க்கும், லித்தியம் செல்லை சார்ஜ் பண்ணக் கூடாது. செல்லோட பிளஸ்ல ஒரு 1என்4148 டையோடு, கோடு கார்டு பக்கம் பார்க்கணும்.

சரி, முகவரி. மல்டிமீட்டரை பீப்புக்கு மாத்துங்க. விளிம்புல அட்ரஸ் லைன்கள் தலைகீழ் வரிசையில இருக்கும்: ஏ31 அட்ரஸ் 0, ஏ22 அட்ரஸ் 9, ஏ12 அட்ரஸ் 19. 31ல இருந்து லைன் எண்ணைக் கழிச்சா பின் எண். ஒரு தடத்துல பீப் வரலைன்னா நடுவுல 74எல்எஸ்244 பஃபர் இருக்கும். 2ல நுழைஞ்சா 18ல வெளிய வரும், 4க்கு 16, 6க்கு 14, 8க்கு 12. மறுபாதியில 11க்கு 9, 13க்கு 7, 15க்கு 5, 17க்கு 3. இதைத் தாண்டித் தேடினா தடம் திரும்பக் கிடைக்கும்.

சீரியல் போர்ட்டுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கு. காம் 1 3எஃப்8, காம் 2 2எஃப்8. ரெண்டுக்கும் வித்தியாசம் அட்ரஸ் 8 மட்டும். பேரலல் 378, 278, அங்கயும் அதே லைன்தான். அட்ரஸ் 8 ஏ23ல வருது. அங்க இருந்து தடம் பிடிச்சுப் போய், அது சேர்ற கேட்ல எந்த ஜம்பர் (ரெண்டு பின்னை இணைக்கிற சின்னத் தொப்பி) தலையிடுதுன்னு பாருங்க. அதுதான் போர்ட் மாத்துற ஜம்பர். இந்தக் கார்டுல ஜே3.

இன்டரப்டுக்கும் விளிம்புல இருந்தே கிளம்புங்க: பி24 ஐஆர்க்யூ 4, பி25 ஐஆர்க்யூ 3, பி21 ஐஆர்க்யூ 7. 8250யோட 30வது கால்ல இருந்து தேடினா பீப் வராது, நடுவுல 8250யோட அவுட்2 சிக்னல் திறந்து விடுற ஒரு பஃபர் இருக்கு. முகவரி ஜம்பரை காம் 2க்கு மாத்திட்டு இன்டரப்ட் ஜம்பரை 4லயே விட்டா, போர்ட் இருக்குன்னு பயாஸ் (மெஷின் கிளம்பும்போது ஓடுற புரோகிராம்) சொல்லும், அதுல மாட்டின மவுஸ் மட்டும் அசையாது.

மெமரி ஆரம்பம் எட்டு ஸ்விட்ச் டிப்ல இருக்கு. அட்ரஸ் 16ல இருந்து 19 வரை, அதாவது ஏ15, ஏ14, ஏ13, ஏ12ல இருந்து வர்ற தடம் முடியுற இடத்துல எந்த நாலு ஸ்விட்ச் சேருதோ, அதுதான் ஆரம்ப முகவரி. இங்க ஆன்னா கிரவுண்டு, அதாவது 0. மதர்போர்டுல 256கே இருந்தா கார்டு 40000 ஹெக்ஸ்ல ஆரம்பிக்கணும்: அட்ரஸ் 18 ஸ்விட்ச் மட்டும் ஆஃப், மத்த மூணும் ஆன். மதர்போர்டு மெமரி மேலயே ஏறி உட்கார்ந்தா ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பஸ்ல பேசுவாங்க, திரையே வராம போகலாம்.

எக்ஸ்டி பயாஸ் மெமரியைத் தானே எண்ணிக்கும். 5150ல, அதாவது முதல் ஐபிஎம் பிசியில, மொத்த அளவை மதர்போர்டுல இருக்கிற எஸ்டபிள்யூ2 ஸ்விட்ச்ல வைக்கணும். 1981 தேதி போட்ட பயாஸ்னா 544கேக்கு மேல ஏத்துக்காது, 640 வேணும்னா 1982 அக்டோபர் 27 பயாஸ் வேணும்.

இன்னொண்ணு, எக்ஸ்டியில பவர் சப்ளைக்குப் பக்கத்துல இருக்கிற 8வது ஸ்லாட்ல போடாதீங்க. அந்த ஸ்லாட்டுக்கு பி8ல தனி சிக்னல் கொடுக்கணும், பெரும்பாலான கார்டு கொடுக்காது.

ஆன் பண்றோம். 201 பிழை வருது, அது மெமரி பிழை. அதுக்கு முன்னாடி வர்ற எண்கள்ல பிட் பகுதி 04. அப்படின்னா பிட் 2. 01னா பிட் 0, 80னா பிட் 7, 00 வந்தா பேரிட்டி சிப். கெட்ட சிப்பை அடுத்த வரிசையில அதே பிட் இடத்துச் சிப்போட மாத்துங்க. பிழையும் கூடவே நகர்ந்தா சிப் போயிடுச்சு. நகரலைன்னா சாக்கெட் இல்ல தடம். 4164ல 8வது கால் 5 வோல்ட், 16வது கிரவுண்டு, வழக்கமான டிடிஎல் லாஜிக் சிப்புகளுக்கு நேர் எதிர். திருப்பிச் செருகினா சிப் காலி. ஓடிட்டு இருக்கும்போது பேரிட்டி செக் 2ன்னு வந்தா பிரச்சினை கார்டுல, 1ன்னு வந்தா மதர்போர்டுல.

போர்ட்டுகளுக்கு டாஸோட வர்ற டீபக் புரோகிராம் போதும், அதுல ஓ போர்ட்டுக்கு எழுதும், ஐ படிக்கும். பேரலல்ல ஓ 378 55, அப்புறம் ஐ 378. 55 திரும்பி வரணும். ஏஏ வச்சும் பாருங்க. எஃப்எஃப் மட்டுமே வந்தா முகவரி தப்பு. ஏதோ ஒரு பிட் மட்டும் ஒட்டிக்கிட்டா, சீரியல்லயும் அதே பிட் ஒட்டுதான்னு பாருங்க. ஒட்டினா டேட்டா லைன்களோட பஃபரான 74எல்எஸ்245 மேல சந்தேகப்படுங்க.

சீரியலுக்கு ஓ 3எஃப்பி 83, ஓ 3எஃப்8 0சி, ஓ 3எஃப்9 00, ஓ 3எஃப்பி 03. இப்போ 9600ல நிக்குது. ஓ 3எஃப்சி 10 போட்டா சிப்புக்குள்ளயே லூப்பேக், அதாவது அனுப்பினது தனக்கே திரும்பி வரும். ஓ 3எஃப்8 41 அனுப்பிட்டு ஐ 3எஃப்8 பாருங்க. 41 வந்தா 8250 நல்லா இருக்கு. அப்புறமும் வெளிய எதுவும் போகலைன்னா, ஓ 3எஃப்சி 00 போட்டு லூப்பேக்கை எடுத்துட்டு கனெக்டர் 2வது பின்னை அளங்க. சும்மா இருக்கும்போது மைனஸ் 9ல இருந்து மைனஸ் 12 வோல்ட் வரை இருக்கணும். பூஜ்யம்னா முதல்ல 1488ல 1வது கால்ல மைனஸ் 12, 14ல பிளஸ் 12 வருதான்னு பாருங்க. ஷார்ட் ஆன டேன்டலம் போகும்போது தடத்தையும் கூட்டிட்டுப் போயிருக்கலாம்.

கடிகாரம் இந்த வகைக் கார்டுல பெரும்பாலும் 2சி0, சிலதுல 240, இல்ல 340. ஐ 2சி2 திரும்பத் திரும்ப அடிங்க, நொடி ஏறணும், 00ல இருந்து 59 வரை அப்படியே படிக்கலாம். ஏறலைன்னா 10, 11வது கால்ல இருக்கிற கிரிஸ்டல். மெஷினை அணைச்சா நேரம் மறந்துட்டா 24வது கால்ல பேட்டரி வோல்ட் வருதான்னு பாருங்க. வருஷம் மட்டும் தப்பா வந்தா கார்டைக் குறை சொல்லாதீங்க. எம்எம்58167ல வருஷத்துக்குன்னு ரெஜிஸ்டரே கிடையாது, நாள் மாசத்தோட நின்னுடும். வருஷத்தைக் கடிகார மென்பொருள்தான் வேற ரெஜிஸ்டர்ல ஒளிச்சு வைக்கும், ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு விதமா. அதனால ஒரு புரோகிராமால செட் பண்ணிட்டு இன்னொண்ணால படிக்காதீங்க.