மெழுகு மாதுளைகள்

நேயர்களுக்கு வணக்கம். “உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று ஒருவரிடம் ஒருமுறை கேட்டால் பதில் சொல்வார். திரும்பத் திரும்பக் கேட்டால் கோபம் வந்துவிடும். அந்தக் கோபத்துக்கு அஞ்சாமல் கேட்டவர்கள் பண்டைய கிரேக்கத்தின் ஐயவாதிகள். ஒன்றும் தெரியாது என்று அடித்துப் பேசியவர்களாக எல்லோரையும் நினைத்துவிடாதீர்கள். அவர்களில் பிர்ரோ என்ற தத்துவஞானியின் வழிவந்தவர்கள், இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம் என்றுதான் சொன்னார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த கதை ஒன்று. கி.மு. 3ஆம் நூற்றாண்டு, எகிப்தின் தாலமி மன்னருடைய அரண்மனை. ஸ்டோயிக் என்ற தத்துவப் பள்ளியைச் சேர்ந்த ஸ்பைரஸ் என்ற அறிஞர் அங்கே இருக்கிறார். பொய்யாக இருக்கவே முடியாத அளவுக்குத் தெளிவான தோற்றங்கள் உண்டு, ஞானி அவற்றை மட்டுமே ஏற்பான் என்பது ஸ்டோயிக்குகளின் கொள்கை. மன்னர் மெழுகில் மாதுளம்பழங்கள் செய்து வைக்கச் சொன்னார். ஸ்பைரஸ் ஏமாந்துபோனார். “பொய்த் தோற்றத்தை ஏற்றுவிட்டீரே!” என்றார் மன்னர். ஸ்பைரஸ் என்ன சொன்னார் தெரியுமா? “இவை மாதுளைகள் என்று நான் ஏற்கவில்லை. மாதுளைகள் என்று கருதுவது நியாயம் என்றே ஏற்றேன்.”

சாமர்த்தியமான பதில்தான். ஆனாலும் ஸ்டோயிக்குகளின் கோட்டைக் கதவு அங்கே திறந்துவிட்டது என்பேன். ஏதென்ஸில் பிளேட்டோவின் அகாடமியைச் சேர்ந்த ஐயவாதிகள் கேட்டதும் இதைத்தானே! நிஜப் பழமும் மெழுகுப் பழமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தால், பார்வையை மட்டும் வைத்து எதை நிஜம் என்பீர்கள்? இரட்டையரையும் முட்டைகளையும் காட்டி இதையே கேட்டார்கள்.

அக்ரிப்பா என்ற ஐயவாதி பிடியை இன்னும் இறுக்கினார். மணி எட்டு என்கிறீர்கள். எப்படித் தெரியும்? கடிகாரம் காட்டுகிறது. கடிகாரம் சரியா? வானொலி சொன்ன நேரத்தோடு ஒத்துப்போகிறது. வானொலி சொன்னது சரியா? இப்படியே போனால் முடிவில்லை. என் கடிகாரத்தோடு ஒத்துப்போகிறதே என்றால், தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டீர்கள். சும்மா நம்புகிறேன் என்றால், எதிராளியும் அப்படியே நேர்மாறானதை நம்பலாம். மூன்று வழியிலும் அடைப்பு. இன்றுவரை எவரும் இதைச் சுலபமாகத் தாண்டியதில்லை.

நேரம் முடியப்போகிறது என்று நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். செக்ஸ்டஸ் எம்பிரிகஸைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். அவர் மருத்துவர், ஐயவாதிகளின் வாதங்கள் நமக்கு இவ்வளவு விரிவாகக் கிடைத்ததே பெரும்பாலும் அவரால்தான். ஐயவாதியும் பசித்தால் உண்பான், ஊர் வழக்கப்படி நடப்பான், கற்ற தொழிலைச் செய்வான் என்று எழுதிவைத்திருக்கிறார். அபெல்லஸ் என்ற ஓவியர் பஞ்சை எறிந்த கதை ஒன்றையும் அவர் சொல்லியிருக்கிறார். அதற்கு இன்று நேரமில்லை. நன்றி, வணக்கம்.