விருப்ப மனு கொடுத்தவர்களை எடைபோடுதல்

நேயர்களுக்கு வணக்கம்.

சட்டமன்றத் தேர்தல் நெருங்கும் இந்நாள்களில், தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பகுதித் தேநீர்க் கடைகளில், யார் விருப்ப மனு கொடுத்தார், யாருக்குச் சீட்டு என்பதே பேச்சு. சாதிக் கணக்கையும் செலவழிக்கும் வசதியையும் முதலில் அலசுகிறோம். கொள்முதல் நிலையத்தில் நம் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எத்தனை கேள்விகள் எழுகின்றன! வேட்பாளரை நாம் அவ்வளவுகூடச் சோதிப்பதில்லை என்பது என் ஆதங்கம்.

என்னைக் கேட்டால், அவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது தண்ணீரைப் பற்றித்தான். ஆனால், காவிரியைக் கொண்டுவருவேன் என்று முழங்குபவரைச் சற்றுத் தள்ளியே வைக்கலாம். தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்துவிட்டது. அதைக் கேட்டுப் பெறுவது மாநில அரசின் பொறுப்பு, ஒரு சட்டமன்ற உறுப்பினர் தனியாகச் சாதிக்கக்கூடியதன்று. மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12இல் திறக்கும் தண்ணீர் கல்லணையைக் கடந்து கடைமடைக்கு வருமுன் தூர்வாரும் வேலை முடிந்ததா, வயலுக்கு நீர் கொண்டுசெல்லும் சி, டி வகைச் சிறு வாய்க்கால்கள் வரை அது எட்டியதா, அல்லது தண்ணீர் வந்த பிறகுதான் பொக்லைன் வந்து நின்றதா என்று தட்டிக் கேட்பதோ அவருடைய வேலையேதான். ஆகவே, தொகுதியின் கடைசி மதகு எந்த ஊரில் இருக்கிறது, சம்பா அறுவடையின்போது மூட்டைகள் மழையில் நனையாமலிருக்க என்ன ஏற்பாடு என்று கேட்டால் தடுமாறாமல் பதில் சொல்பவர், எக்கட்சியினராயினும், கவனிக்கத்தக்கவர்.

மனுத்தாக்கலின்போது வேட்பாளர் தரும் உறுதிமொழிப் பத்திரமான படிவம் 26, சொத்து, கடன், வழக்கு, வருமானம் அனைத்தையும் சொல்கிறது. தேர்தல் ஆணைய இணையதளத்தில் எவரும் பார்க்கலாம். மீண்டும் போட்டியிடுபவராயின், சென்ற முறை அளித்ததையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். குற்ற வழக்குள்ளவரை நிறுத்தும் கட்சி அதற்கான காரணத்தை வெளியிட வேண்டும் என்றும், வெற்றி வாய்ப்பு மட்டுமே காரணமாகாது என்றும் உச்ச நீதிமன்றம் 2020இல் உத்தரவிட்டிருக்கிறது. (அக்காரணங்களைத் தேடிப் படிப்பவர் எத்தனை பேர் என்பது வேறு கதை.)

பணப் பட்டுவாடா பற்றித் தஞ்சாவூர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2016 மே மாதம் அதன் காரணமாகவே நம் தொகுதியில் வாக்குப்பதிவு நிறுத்தப்பட்டு, நவம்பரில்தான் நடந்தது.

கட்சிகள் இன்னும் நேர்காணல் நடத்திக்கொண்டிருக்கின்றன. பட்டியல் வெளியான பிறகு கேட்பதைவிட, பாசனதாரர் சங்கங்கள் இப்போதே கட்சிகளின் மாவட்ட நிர்வாகிகளைச் சந்தித்து, தங்கள் ஊர் மதகின் பெயரைச் சொல்லிக் கேட்கலாம்.

நன்றி, வணக்கம்.