பூட்டுச் சின்னத்தை நம்பாதீர்கள்: எஸ்எஸ்எல் சான்றிதழ் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது எப்படி?

(திரை: லேப்டாப்பில் ஒரு தளம் ஒழுங்காகத் திறக்கிறது. பக்கத்தில் ஒரு ஆண்ட்ராய்டு போன். அதே சர்வரோடு பேசும் ஆப்பில் 'இணைக்க முடியவில்லை'.)

குரல்: சர்வர் ஒன்றுதான். குரோமில் திறக்கிறது, ஆப்பில் திறக்கவில்லை. தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும் எஸ்எஸ்எல் சான்றிதழ் காலாவதியாகவில்லை, டொமைன் பெயரும் சரி. அப்படியானால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இன்டர்மீடியட் சான்றிதழை.

(திரை: மேலிருந்து கீழாக மூன்று பெட்டிகள்: ரூட், இன்டர்மீடியட், உங்கள் டொமைன்.)

உங்கள் சான்றிதழில், சான்றிதழ் நிறுவனத்தின் மூலச் சான்றிதழான ரூட் நேரடியாகக் கையெழுத்திடுவதில்லை. ரூட் இன்டர்மீடியட்டுக்குக் கையெழுத்திடும், இன்டர்மீடியட் உங்களுக்குக் கையெழுத்திடும். இந்தத் தொடர்தான் சங்கிலி. ரூட் போனிலும் கணினியிலும் ஏற்கெனவே இருக்கிறது. நடுவில் உள்ளதை உங்கள் சான்றிதழோடு சேர்த்து அனுப்புவது சர்வரின் பொறுப்பு.

சர்வர் அனுப்ப மறந்தாலும் குரோம் சமாளித்துக்கொள்ளும். இன்டர்மீடியட் எங்கே கிடைக்கும் என்ற முகவரி சான்றிதழுக்குள்ளேயே இருக்கும். அங்கே போய் எடுத்துவந்துவிடும். பயர்பாக்ஸ் இன்டர்மீடியட்களை முன்கூட்டியே சேகரித்து வைத்திருக்கும். ஆண்ட்ராய்டு ஆப்களும், லினக்ஸில் ஓடும் கர்ல், பைத்தான் நிரல்களும் பொதுவாக அப்படித் தேடிப் போவதில்லை. பேமென்ட் கேட்வே உங்கள் சர்வருக்கு அனுப்பும் வெப்ஹூக், அதாவது தானியங்கி அறிவிப்பு, சத்தமில்லாமல் தோற்றுப்போவதற்கும் இது ஒரு காரணம். அதனால்தான் சொல்கிறோம்: பிரவுசரில் திறந்து பார்ப்பது சோதனையே அல்ல.

(திரை: டெர்மினல். கட்டளை மெதுவாகத் தட்டச்சாகிறது.)

சர்வர் உண்மையில் எதை அனுப்புகிறது என்று பார்ப்போம். ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற கருவியின் எஸ்-கிளையன்ட் கட்டளை போதும். 'கனெக்ட்' என்பதற்குப் பின் டொமைன், முக்காற்புள்ளி, 443. பிறகு 'சர்வர்நேம்' என்று கொடுத்து அதே டொமைன். கடைசியில் 'ஷோசெர்ட்ஸ்'. ஒரே ஐபியில் பல தளங்கள் ஓடும்போது, பழைய ஓப்பன்எஸ்எஸ்எல்லிலோ, டொமைனுக்குப் பதில் ஐபி கொடுத்தாலோ, சர்வர்நேம் இல்லாவிட்டால் வேறொரு தளத்தின் சான்றிதழ் வந்து உங்களைக் குழப்பும்.

(திரை: விடையில் 'எஸ்', 'ஐ' என்று தொடங்கும் வரிகள் மஞ்சளில்.)

எஸ் என்பது சான்றிதழ் யாருடையது, ஐ என்பது யார் கொடுத்தது. 0 என்ற எண்ணில் உங்கள் சான்றிதழ் இருக்கும். அதன் ஐ வரியும், 1-இன் எஸ் வரியும் ஒன்றாக இருக்க வேண்டும். 0 மட்டும் இருந்து 1 இல்லையென்றால், இன்டர்மீடியட் வரவில்லை. அப்போது கீழே சரிபார்ப்புக் குறியீடு 21 என்று வரும். 0 வந்தால் சங்கிலி சரி. 10 என்றால் காலாவதி.

இங்கே பலரும் ஏமாறுகிறார்கள். குறியீடு 0 வந்தாலும் டொமைன் பெயர் பொருந்துகிறது என்று அர்த்தமில்லை. எஸ்-கிளையன்ட் தானாகப் பெயரைச் சரிபார்க்காது; 'வெரிஃபை_ஹோஸ்ட்நேம்' என்று தனியாகச் சொல்ல வேண்டும். மூன்று டபிள்யூ உள்ள முகவரி, இல்லாத முகவரி, இரண்டையும் சோதியுங்கள். நட்சத்திரக் குறி போட்ட வைல்டுகார்டு சான்றிதழ் ஒரு படி கீழே உள்ள பெயர்களுக்கு மட்டுமே செல்லும். வெறும் டொமைனுக்குச் செல்லாது, அதையும் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும்.

(திரை: என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருளின் கான்ஃபிக் கோப்பு.)

சங்கிலியைச் சரிசெய்வது எளிது. சான்றிதழைத் தானாக எடுத்துப் புதுப்பிக்கும் கருவியான செர்ட்பாட் பயன்படுத்துகிறவர்கள் 'செர்ட்' கோப்பை விட்டுவிட்டு, இன்டர்மீடியட்டும் சேர்ந்த 'ஃபுல்செயின்' கோப்பைக் கொடுங்கள். இன்னொரு வெப் சர்வரான அப்பாச்சியில் 2.4.8 பதிப்பு முதல் அங்கும் அதே ஒரு கோப்பு போதும். விலைக்கு வாங்கிய சான்றிதழ் என்றால் நீங்களே ஒட்ட வேண்டும்: முதலில் உங்களுடையது, அடுத்து இன்டர்மீடியட். ரூட் தேவையில்லை. வரிசை மாறினால் பிரைவேட் கீ (சான்றிதழுக்கு இணையான ரகசியச் சாவி) பொருந்தவில்லை என்று என்ஜின்எக்ஸ் பிழை காட்டும், ஏனென்றால் அது கீயை முதல் சான்றிதழோடுதான் ஒப்பிடும். கீ தொலைந்துவிட்டதோ என்று பதறி மறுபடி சான்றிதழ் வாங்கப் போகாதீர்கள். இன்னொன்று: முதல் கோப்பின் முடிவில் புது வரி இல்லாவிட்டால், ஒன்றின் முடிவுக் கோடும் அடுத்ததன் தொடக்கக் கோடும் ஒட்டிக்கொண்டு கோப்பையே படிக்க முடியாமல் போகும்.

(திரை: இரண்டு தேதிகள் அருகருகே. கோப்பில் புதிய தேதி, இணைப்பில் பழைய தேதி.)

புதுப்பித்த பிறகும் பழைய தேதியே வருகிறதா? என்ஜின்எக்ஸ் பழைய சான்றிதழை நினைவகத்தில் வைத்திருக்கிறது. ரீலோடு செய்தால்தான் புதியது ஏறும். சான்றிதழ் புதுப்பித்ததும் தானாக ஓடும் செர்ட்பாட்டின் டிப்ளாய் ஹூக்கில் ரீலோடு கட்டளையை எழுதிவிடுங்கள். அதன் பிறகும் சிலருக்கு மட்டும் பிழை வந்தால், எஸ்-கிளையன்ட்டில் 4 (ஐபிவி4), 6 (ஐபிவி6) என்ற விருப்பங்களைத் தனித்தனியே போட்டுப் பாருங்கள். ஐபிவி6 முகவரி இன்னும் பழைய சர்வரைக் காட்டிக்கொண்டிருக்கலாம். வருகைகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்தனுப்பும் லோட் பேலன்சருக்குப் பின்னால் பல சர்வர்கள் இருந்தால் ஒவ்வொன்றின் ஐபியையும் கொடுத்துச் சோதிக்க வேண்டும்.

இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் 90 நாள் சான்றிதழ்களால் பிரபலமானது. மற்ற நிறுவனங்கள் தரும் சான்றிதழ்களுக்கும் காலம் சுருங்குகிறது: உச்ச வரம்பு 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். கையால் மாற்றிக்கொண்டிருப்பது இனி நடக்காத காரியம். எஸ்-கிளையன்ட் தரும் சான்றிதழை 'எக்ஸ்509' கட்டளைக்கு அனுப்பி, 'செக்எண்ட்' என்று கொடுத்து 1209600 என்று போடுங்கள். அது 14 நாளின் விநாடிக் கணக்கு. அதற்குள் காலாவதியாகும் என்றால் கட்டளை 1 என்ற குறியீட்டோடு முடியும். குறித்த நேரத்தில் கட்டளையைத் தானாக ஓட்டும் கிரானில் தினமும் ஒருமுறை ஓடவிட்டு, 1 வந்தால் உங்களுக்கு மெயில் வரும்படி செய்யுங்கள். வட்டில் இருக்கும் கோப்பைச் சோதிக்காமல் இணைப்பில் வருவதைச் சோதிப்பதால், ரீலோடு மறந்திருந்தாலும் மாட்டிக்கொள்ளும்.