கோணிய சால்

அவையோருக்கு வணக்கம்.

பொய்யைக் குறிக்க ஆங்கிலத்தில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஏமாற்றவென்றே சொன்னால் 'லை'. சில்லறைப் புளுகு 'ஃபிப்'. சத்தியம் செய்துவிட்டு நீதிமன்றத்தில் சொன்னால் 'பெர்ஜுரி'. இவை எல்லோருக்கும் தெரிந்தவை. நான் பேச வந்தது 'பிரிவேரிகேட்' (prevaricate) என்ற சொல்லைப் பற்றி. அதை வெறுமனே 'பொய் சொல்' என்று மொழிபெயர்ப்பதைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

ஒருவரிடம் கேட்கிறோம்: "வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்களா?" அவர் சொல்கிறார்: "நேற்றுக்கூட அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். அவருக்கு என்மேல் ஒரு வருத்தமும் இல்லை." மூன்றும் உண்மை. ஆனால் கேட்டவர், கடன் தீர்ந்தது என்று நம்பிக்கொண்டு போய்விடுகிறார். பொய் எந்த வாக்கியத்தில் இருக்கிறது? சல்லடை போட்டுத் தேடினாலும் அகப்படாது. இதுதான் 'பிரிவேரிகேட்' செய்வது.

சொல்லின் வேர் லத்தீன். கால் வளைந்தவனைக் குறிக்கும் 'வாருஸ்' என்பதிலிருந்து, கோணலாக நடப்பதைச் சொல்லும் வினை பிறந்தது. கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்துபோன ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி, உழவைப் பற்றி எழுதும் இடத்தில் இதைத் தொடுகிறார். குனிந்து உழாதவனுக்குச் சால் கோணும். இந்தச் சொல் வயலிலிருந்துதான் நீதிமன்றத்துக்குப் போனது என்கிறார். எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! மேழியில் கை இருக்கிறது, மாடு நடக்கிறது, மண்ணும் புரள்கிறது. வரப்பில் நிற்பவருக்கு உழவு நடப்பதாகவே தெரியும். கிட்டே போய்ப் பார்த்தால்தான் கொழு விலகி ஓடியிருப்பது தெரியும்.

ரோமானிய நீதிமன்றத்தில் இது தனிக் குற்றம். குற்றம் சாட்ட வந்தவரே எதிர்த்தரப்போடு ரகசியமாகக் கைகோத்துக்கொண்டு, தம் வழக்கைத் தாமே தோற்கடிப்பார். எழுந்து நின்று வாதாடவும் செய்வார். வலுவான சாட்சியத்தை மட்டும் தொடமாட்டார்.

இன்றைய ஆங்கிலத்தில், நேர்ப்பதில் தராமல் நழுவுவதே இதன் பொருள். காரியத்தைத் தள்ளிப்போடுவதற்கும் சிலர் இதைப் பயன்படுத்துகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தள்ளிப்போடுகிறவர் யாரையும் ஏமாற்ற வேண்டியதில்லையே.

தமிழில் கிட்டத்தில் வருவது 'மழுப்புதல்'. அன்றாடப் பேச்சைக் குறிக்கும் இடங்களில் தயங்காமல் அதையே எழுதுவேன். ரோமானிய வழக்கறிஞரைப் பற்றி வந்தால் மட்டும் அது போதாது. அங்கே 'கூட இருந்தே குழிபறித்தல்' என்று எழுதுவேன்.